மனநல மருந்துகளின் பக்க விளைவை முதல் நாளே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநல மருந்துகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. சில கட்டுரைகள் "மூளையை மழுங்கடித்துவிடும், வாழ்நாள் முழுக்க விடாது" என்று பயமுறுத்துகின்றன. வேறு சில "இப்போது வரும் மருந்துகளில் பக்க விளைவே கிடையாது" என்று தேற்றுகின்றன. இரண்டும் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றுதான்: மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. முதல் வகையைப் படித்தவர் பயந்து நிறுத்துகிறார். இரண்டாவதை நம்பியவர் மூன்றாம் நாள் குமட்டல் வந்ததும் ஏமாந்துபோய் நிறுத்துகிறார்.

பக்க விளைவைச் சொன்னால் நோயாளி மருந்தைத் தொடவே மாட்டார் என்று மருத்துவர்களில் சிலரும் குடும்பத்தாரில் பலரும் நினைக்கிறார்கள். மனநலப் பிரிவில் மருந்து வழங்கும் எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. இந்த மருந்துகளின் தொல்லைகளில் பெரும்பாலானவை எப்போது வரும், எவ்வளவு நாள் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவை. இன்ன நாளில் இன்னது வரும் என்று தெரிந்திருப்பவர் தாங்கிக்கொள்கிறார். தெரியாதவர் நோய் முற்றிவிட்டதென்று நினைத்துக்கொள்கிறார். ஆகவே ஒவ்வொரு வகை மருந்திலும் முதல் சீட்டு எழுதும்போதே சொல்லியாக வேண்டிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் தரப்படும் செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம், ஃப்ளூஆக்ஸெடின் ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். இவற்றில் தொல்லை முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கம் கெடுதல், உள்ளுக்குள் ஒரு படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே தலைகாட்டி, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனம் தெளியத் தொடங்குவதோ இரண்டிலிருந்து நான்கு வாரத்தில். இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு வழக்கமான ஆரம்ப அளவில் பாதி (செர்ட்ரலின் என்றால் 25 மி.கி., எஸ்சிடாலோபிராம் என்றால் 5 மி.கி.) கொடுத்து ஒரு வாரம் கழித்து ஏற்றினால் படபடப்பு குறையும். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் வந்தால் இரவிலும் மாத்திரையை வைத்துக்கொள்ளலாம்.

இந்த மருந்துகளில் தானாக அடங்காத தொல்லை ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. அதுதான் தாம்பத்திய உறவில் ஏற்படும் குறை: ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மருந்தால் வருவது என்று தெரியாத தம்பதிகள் ஒருவர் மீது ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். அளவைக் குறைக்கலாம், மிர்ட்டஸபின், பியூப்ரோப்பியான் போல இந்தத் தொல்லை குறைவாக உள்ள மருந்துக்கு மாற்றலாம். கூச்சத்தை விட்டு மருத்துவரே முதலில் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இவற்றைத் தொடங்கும்போதும் அளவை ஏற்றும்போதும் முதல் சில வாரங்கள் வீட்டில் கூடவே ஒரு கண் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் சிலருக்கு அப்போது கூடலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் கடுமையான எச்சரிக்கையைக் கொண்டுவந்தது. 2007-ல் அதை 24 வயது வரை நீட்டித்தது. இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பொருள்.

வயதானவர்களுக்கு வேறு கவலை. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரியவர் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், விழுந்தால், மறதி நோய் என்று விட்டுவிடாமல் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கூடவே சாப்பிட்டால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பும் அதிகம். டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் மிகைப்பாடு வரலாம்: நடுக்கம், வியர்வை, கால் துடிப்பு, காய்ச்சல், குழப்பம். பல் பிடுங்கப் போனாலும், மூட்டு வலிக்குப் போனாலும், என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை அங்கே சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்து, மனச்சிதைவுக்கும் தீவிர மனக்கொதிப்புக்கும் (மேனியா) தரப்படும் மருந்துகள். 1952-ல் குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்ததிலிருந்தே இவற்றால் உடல் அசைவுகள் பாதிக்கப்படுவது தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் பாதிப்பு ஒன்றல்ல, நான்கு. ஒவ்வொன்றுக்கும் வரும் காலம் வேறு, மருத்துவம் வேறு. முதல் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வருவது தசை இறுக்கம். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண்கள் மேலே செருகி நிற்கும், நாக்கு தடிக்கும். இளம் ஆண்களுக்கு, அதிலும் ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு, அதிகம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறுவார்கள். நினைவு தப்பாது என்பதே வித்தியாசம். புரோமெத்தசின் அல்லது அதைப் போன்ற ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். சில வாரங்களில் வருவது பார்க்கின்சன் நோயைப் போன்ற விறைப்பும் நடுக்கமும். இதற்கு அளவைக் குறைப்பார்கள், அல்லது டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற துணை மாத்திரை தருவார்கள்.

மூன்றாவது, அகதீசியா. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மனநல மருத்துவத்தில் அதிகம் தவறவிடப்படும் பக்க விளைவு இதுதான் என்பது எங்கள் கருத்து. மருந்து தொடங்கிய அல்லது அளவை ஏற்றிய சில நாட்களில், சில வாரங்களுக்குள் வரும். நோயாளியால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைப்பார், நடந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் தேவலை என்பார். வெளியே தெரியும் அசைவை விட உள்ளே இருக்கும் தவிப்பு பெரிது. "தோலுக்குள் இருக்க முடியவில்லை" என்று சொல்வார்கள். குடும்பம் இதைப் பார்த்துவிட்டு, "ஆள் மறுபடியும் கிளர்ச்சியாகிவிட்டார்" என்று மருத்துவரிடம் சொல்லும். அதைக் கேட்டு மருந்தின் அளவு கூட்டப்படும். தவிப்பு இரட்டிப்பாகும். மருந்தை வெறுத்து நிறுத்துபவர்கள் பலர் இந்தத் தவிப்பால்தான் நிறுத்துகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை இது தள்ளிவிடலாம்.

இதைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். அமைதியின்மை எப்போது தொடங்கியது, மருந்துக்கு முன்பா பின்பா? தவிப்பு எண்ணங்களாலா, கால்களாலா? நோயின் கிளர்ச்சி என்றால் மனதில் ஓடும் பயமோ சந்தேகமோ முன்னால் நிற்கும். அகதீசியா என்றால், "எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, கால்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது" என்று அவரே சொல்வார். செய்ய வேண்டியது அளவைக் குறைப்பது, அல்லது மருந்தை மாற்றுவது. புரொப்ரனோலால் உதவும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தரக் கூடாது. டிரைஹெக்ஸிஃபெனிடில் இதற்குப் பெரிதாகப் பயன்படாது. புதிய மருந்து என்பதால் அரிப்பிபிரசோலில் இது வராது என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே வரும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடில்கூட வரும்.

நான்காவது, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வருவது. வாய் மெல்லுவதுபோல் அசையும், உதடு சுழிக்கும், நாக்கு வெளியே வந்து வந்து போகும். இது சிலருக்கு நிரந்தரமாகிவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான். இந்த நிலையில் டிரைஹெக்ஸிஃபெனிடில் கொடுத்தால் அசைவு கூடும். ஆண்டுக்கணக்கில் பழைய சீட்டில் தொற்றிக்கொண்டே வரும் அந்த "கூடச் சாப்பிடும் சின்ன மாத்திரை" இன்னும் தேவையா என்று கேளுங்கள். வயதானவர்களின் ஞாபக சக்தியையும் அது குறைக்கும், மலத்தையும் சிறுநீரையும் அடைக்கும்.

எடை விஷயத்துக்கு வருவோம். ஓலான்சபின், குளோசபின் இரண்டும் எடையை அதிகம் ஏற்றுபவை. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் நடுவில். அரிப்பிபிரசோல், லுராசிடோன் குறைவு. மருந்து பசியைத் தூண்டுகிறது, வயிறு நிறைந்த உணர்வை மங்கச் செய்கிறது. "வாயைக் கட்டு" என்று நோயாளியைத் திட்டுவதில் நியாயம் இல்லை. முதல் மாத்திரைக்கு முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். முதல் ஆறு வாரம் வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும், மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் மறுபடி பார்த்து, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர வேண்டும். முதல் மாதத்திலேயே எடை மளமளவென்று ஏறினால் காத்திருக்கக் கூடாது. அப்போதே மருந்தை மாற்றுவதா, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினைச் சேர்ப்பதா என்று பேசிவிட வேண்டும். ஏறிய 15 கிலோவை இறக்குவதை விட ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிது. லுராசிடோன் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: குறைந்தது 350 கலோரி உள்ள உணவோடு சாப்பிட்டால்தான் அந்த மாத்திரை உடலில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் விழுங்கினால் ஏறக்குறைய பாதிதான் சேரும். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டும் முன் இதை விசாரிக்க வேண்டும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனாலோ மார்பில் பால் கசிந்தாலோ அது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியதால் இருக்கலாம். கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, ரத்தத்தில் அந்த அளவையும் பார்க்க வேண்டும்.

மனக்கொதிப்பும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளியிட்டார். இன்றும் நோய் திரும்பாமல் காப்பதில் இதற்கு ஈடான மருந்து அரிது. ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும்; தீவிர நிலையில் 1.0 வரை வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. முதியவர்களுக்கு அதற்குக் கீழேயே விஷ அறிகுறிகள் வரலாம்.

இந்த எண்ணைக் கண்டறியும் பரிசோதனையே பல இடங்களில் தவறாக நடக்கிறது. கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவர் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையும் இருந்தால் அதை ரத்தம் கொடுத்த பிறகே சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் நோய் திரும்பும். இன்னொரு தவறு ஆய்வகத்தில் நடக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவிய குழாய்கள் உண்டு. அதில் எடுத்தால் குழாயின் லித்தியமும் சேர்ந்து கணக்காகி, நோயாளிக்கு விஷமேறியதுபோல் முடிவு வரும். எதிர்பாராத உயர்ந்த எண் வந்து, ஆள் நன்றாக இருந்தால், முதலில் எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். மருந்து தொடங்கிய அல்லது அளவை மாற்றிய ஐந்து முதல் ஏழு நாளில் ஒருமுறை, நிலைப்படும் வரை வாரந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். அதனால்தான் பேதி, வாந்தி, கடும் காய்ச்சல், அதிக வியர்வை, திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாமே அளவை ஏற்றிவிடுகின்றன. மருந்துக்கடையில் சும்மா வாங்கும் இப்யூப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ஏற்றும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், லோசார்டன் வகையும், ஹைட்ரோகுளோரோதயசைடும் ஏற்றும். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் போதும். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவை சரியான அளவிலும் இருப்பவை. கை முழுதும் உதறுவது, நாக்கு குழறுவது, தள்ளாடுவது, வாந்தியும் பேதியும் சேர்வது ஆகியவை விஷமேறிய அடையாளம். அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் மனச்சிதைவு அடங்காதவர்களுக்குக் குளோசபின். வெள்ளை அணுக்கள் குறையும் ஆபத்துக்காக ரத்தப் பரிசோதனை உண்டு. பல நாடுகளில் முதல் 18 வாரம் வாரந்தோறும், பின்னர் இடைவெளி விட்டுச் செய்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் எல்லோரும் கவனிக்கிறார்கள். மலச்சிக்கலை யாரும் கவனிப்பதில்லை. குளோசபின் குடலின் அசைவையே நிறுத்திவிடக் கூடும், உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் "மலம் எப்போது போனது?" என்று கேட்க வேண்டும், தேவைப்பட்டால் ஆரம்பத்திலிருந்தே மலமிளக்கி தர வேண்டும். வயிறு உப்பி, வலித்து, வாந்தி வந்தால் அது அவசரம்.

இதில் புகைபிடித்தலுக்கும் பங்கு உண்டு. புகையிலைப் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டிக் குளோசபினை வேகமாகக் கரைத்துவிடுகின்றன. புகைக்கு ஏற்ப டோஸ் அமைந்த ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்து, அங்கே புகைக்க முடியாமல் நிறுத்தினால், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாக ஏறிவிடும். தூக்கக் கலக்கம், எச்சில் வடிதல், வலிப்பு வரை போகும். நிகோட்டின் சூயிங்கம் மென்றாலும் இது மாறாது, ஏனெனில் கல்லீரலைத் தூண்டுவது நிகோட்டின் அல்ல, புகை. புகையை விடுவது நல்லதே. விடப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லி டோஸைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபின் தவறிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மறுபடி 12.5 மி.கி.-யிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

மருந்தை நிறுத்துவதைப் பற்றி. மனச்சோர்வு மருந்தை நிறுத்தும்போது தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு உதறல் ஆகியவை சிலருக்கு வரும். பாரொக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் அதிகம், உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூஆக்ஸெடினில் குறைவு. "பாதி மாத்திரை இரண்டு வாரம், பிறகு நிறுத்து" என்பது பலருக்கு ஒத்துவராததற்குக் காரணம் உண்டு. சிடாலோபிராம் 20 மி.கி. மூளையில் தான் பிடிக்க வேண்டிய இடங்களில் 80 சதவீதம் போலப் பிடிக்கிறது. 5 மி.கி.-கூட ஏறக்குறைய 60 சதவீதம் பிடித்துவைக்கிறது. ஆகவே 20-லிருந்து 10-க்கு இறங்குவது சின்னப் படி. 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரிய பள்ளம். கடைசிப் படிகள் மிகச் சிறியவையாக, வாரக்கணக்கில் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் திரவ மருந்தாக வாங்கி அளந்து குறைக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது, உடலை விட்டுச் சீக்கிரம் போகும் மருந்துகளில் தொல்லையைக் கூட்டவே செய்யும். நிறுத்திய சில நாட்களிலேயே, உடல் அறிகுறிகளோடு தொல்லை வந்தால் பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. வாரங்கள், மாதங்கள் கழித்துப் பழைய சோர்வு மெல்ல வந்தால் அது நோய் திரும்புவது. நோய் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்த பின்பே குறைக்கத் தொடங்க வேண்டும்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம் போன்றவற்றைத் தினமும் சாப்பிடுவது இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. பழகிய பின் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரும். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கலாம்.

வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் தரப்படும் வால்புரோவேட்டைக் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்குத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குப் பிறவிக் குறை. 10 பேரில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு. இதைத் தெரிவிக்காமல் இந்த மருந்தை எழுதுவதை எங்களால் ஏற்க முடியாது. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இதுதான். மனநல மருந்து பற்றிய செய்தி வரும்போது மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "மனநோய் மாத்திரை" என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம். தொல்லையைச் சொல்லும்போது அது எந்த வாரத்தில் வரும், அடங்குமா அடங்காதா என்பதையும் சேருங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளைக் கத்தரித்து மருந்துப் பெட்டியில் ஒட்டும் அளவில் கட்டமிட்டு வெளியிட்டால் பெரிய உதவி. அதில் இருக்க வேண்டியவை: மனச்சிதைவு மருந்து சாப்பிடுபவருக்கு அதிகக் காய்ச்சலோடு உடல் விறைத்துக் குழம்புவது, லித்தியம் சாப்பிடுபவருக்குக் கை உதறி, நாக்கு குழறி, தள்ளாடுவது, குளோசபினில் காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சுப் படபடப்பு, அல்லது வயிறு உப்பி மலம் போகாதது, மனநிலையைச் சீராக்கத் தரும் லாமோட்ரிஜின் அல்லது கார்பமசெபைன் தொடங்கியவருக்குத் தோலில் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், எந்த மருந்தானாலும் புதிதாக எழும் தற்கொலை எண்ணம்.

இப்படிக்கு,
மனநலப் பிரிவு மருந்தாளுநர்கள்